தேசியப் போர் நினைவகத்தில் எங்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

பெறுநர்: புதுதில்லி தேசியப் போர் நினைவகத்தின் நிர்வாகத்தினர், பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத் துறையினர்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்று, இப்போது வேலூர் மாவட்டத்தில் குடியிருக்கும் முன்னாள் படைவீரன் ஒருவன் எழுதும் மடல் இது. கோரிக்கை ஒன்றுதான். இந்தியா கேட்டை அடுத்துள்ள தேசியப் போர் நினைவகத்தைப் பேணும் பணியில், ஊதியமோ படியோ எதிர்பாராமல் முறைவைத்து வேலை செய்ய முன்வரும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு நிரந்தரமான ஏற்பாடு வேண்டும். விழா நாளில் முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தப்படும் விருந்தினர்களாக இல்லாமல், காலையில் வந்து, கொடுத்த வேலையை முடித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களாக எங்களை நீங்கள் ஏற்க வேண்டும். இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் பலரும் படிக்க எழுதுவதற்குக் காரணம், இது என் ஒருவனுடைய ஆசை மட்டுமில்லை என்பதும், என்னைப் போன்றவர்கள் படித்துப் பார்த்துக் குறை இருந்தால் சொல்ல வேண்டும் என்பதும்தான்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நினைவகம் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்ற புகாரோடு நான் வரவில்லை. 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட அந்த வளாகம் நாட்டில் நான் பார்த்த பொது இடங்களுள் மிகத் தூய்மையானவற்றில் ஒன்று. நடுவில் தூணும் அணையா விளக்கும் கொண்ட அமர் சக்கரம், அதைச் சுற்றி வெண்கலச் சிற்பப் பலகைகள் உள்ள வீரதா சக்கரம், அதற்கு வெளியே பெயர்கள் பொறித்த தியாக சக்கரம், எல்லாவற்றையும் சூழ்ந்து மரங்களே காவலர்களாக நிற்கும் ரக்‌ஷக் சக்கரம் என்று, தரைமட்டத்துக்குக் கீழே அடங்கி அமைந்த வடிவம் அது. 2017-ல் உலகளாவிய போட்டியில் தேர்வான அந்த வடிவமைப்பைக் கொடுத்தது சென்னையைச் சேர்ந்த வீபி டிசைன் லேப் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. வீரதா சக்கரத்தின் ஆறு வெண்கலப் பலகைகளில் ஒன்று காஷ்மீரில் நடந்த திதவால் போரைக் காட்டுவது. 1948-ல் நடந்த அந்தப் போரின் பெயரைப் போர்ப் பெருமையாக, அதாவது படைப்பிரிவுக்குத் தரும் சிறப்புப் பட்டமாக, பெற்ற பட்டாலியன்களில் எங்கள் முதலாம் மெட்ராஸும் ஒன்று என்பதால், அதன் முன்னால் மட்டும் என் கால் தானாக விறைப்பாகிவிடுகிறது.

அப்படியென்றால் எல்லாம் நன்றாக இருக்கும் இடத்தில் எங்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை தியாக சக்கரத்தில் இருக்கிறது. சக்கர வியூகத்தைப் போல வளைந்து வளைந்து போகும் அந்தச் சுவர்களில், ஒருவருக்கு ஒரு கல் என்ற கணக்கில், 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1947–48 காஷ்மீர், 1962, 1965, 1971, சியாச்சின், இலங்கைக்குப் போன அமைதிப் படை, கார்கில் என்று சுதந்திரத்துக்குப் பிறகு நாம் இழந்தவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். பட்டியல் முடிந்துபோன பட்டியலும் இல்லை. 2020 ஜூன் 15 அன்று கல்வானில் உயிர் கொடுத்த இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியின் பெயரும் அவரோடு வீழ்ந்தவர்களின் பெயர்களும் பிறகு சேர்க்கப்பட்டன. இனியும் சேரும். இவ்வளவு பெரிய பட்டியலில் தன் வீட்டுப் பெயரைத் தேடி வருகிற ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படுவது சுத்தமான தரை மட்டுமில்லை. அந்தப் பெயரிடம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தத் தெரிந்த ஒரு ஆள் தேவை.

இதில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு உள்ள சிக்கலைச் சொன்னால் விளங்கும். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து உண்டு. ஆளெடுப்பு மைதானத்தில் பதினெட்டு வயதுப் பையன் சொன்ன பெயரை, வேறு மொழிக்கார எழுத்தர் தன் காதுக்குப் பட்டபடி எழுதிக்கொண்டிருப்பார். வீட்டில் மு. சண்முகம் என்று இருப்பவர் படையின் பதிவேடுகள் இருக்கும் ரெக்கார்டு ஆபிஸில் சண்முகம் எம். ஆகவோ, அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு சண்முகம் முனுசாமி ஆகவோ, எழுத்துகள் இடம் மாறி வேறு ஆளாகவோ இருப்பார். வீட்டில் கூப்பிட்ட பெயரோ இது எதிலும் சேராது. இணையத்தில் பெயரைத் தேடும் வசதி இருப்பது உண்மைதான். ஆனால் அதில் எந்த எழுத்துக்கூட்டலைப் போடுவது என்பது, தென்காசிப் பக்கத்திலிருந்து முதல் தடவையாகத் தில்லிக்கு ரயிலேறி வந்த ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்?

நினைவகத்துக்கு நான் போயிருந்த ஒரு மாலையில் அப்படி ஒரு அம்மாவைப் பார்த்தேன். கூட வந்த பேரன் கைப்பேசியில் எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மாவோ ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பேசிப் பார்த்ததில் அந்தப் பைக்குள் குடும்ப ஓய்வூதிய ஆணையின் நகல் இருப்பது தெரிந்தது. அதில் கணவரின் படை எண் இருந்தது, ரேங்க் இருந்தது, யூனிட் இருந்தது, வேறென்ன வேண்டும்? எந்த ஆண்டு, எந்தப் போர்முனை, எந்த ரெஜிமென்ட் என்று மூன்று கேள்வியில் இடம் சுருங்கியது. கல்லைக் கண்டுபிடித்ததும் அந்த அம்மா முதலில் செய்தது, முந்தானையின் ஒரு முனையால் அந்த ஒரு கல்லை மட்டும் துடைத்ததுதான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. என் கோரிக்கையின் மூலம் அந்த மாலைதான். படை எண்ணைப் பார்த்ததும் எந்த ரெஜிமென்ட், ஏறத்தாழ எந்தக் காலத்து ஆள் என்று ஊகிக்கிற பழக்கம் எங்களுக்குச் சர்வீஸில் தானாக வந்தது. அந்தப் பழக்கம் இன்று எங்கள் வீட்டுத் திண்ணைகளில் பயனில்லாமல் கிடக்கிறது.

உலகத்தில் எங்கும் நடக்காத ஒன்றை நான் கேட்கவில்லை. மகள் வீட்டுக்குப் போய் அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்தபோது, வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் வீரர் நினைவுச் சுவரை ஒரு சனிக்கிழமை விடிகாலையில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. 1982 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்ட அந்தக் கருங்கல் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ரேங்க் கிடையாது, உயிரிழந்த நாளின் வரிசையில் வெறும் பெயர்கள். ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற காயம்பட்ட சிப்பாய் 1979-ல் தொடங்கிய முயற்சியால், அரசுப் பணம் இல்லாமல் மக்களின் நன்கொடையால் எழுந்த சின்னம் அது. வடிவமைத்தவர் அப்போது 21 வயது மாணவியாக இருந்த மாயா லின். நான் போன நேரத்தில் சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பலர், தங்கள் பழைய யூனிட்டின் பெயர் தைத்த தொப்பியோடு, ரப்பர் குழாயும் வாளியும் நீளக் கைப்பிடி போட்ட மென்மையான தூரிகைகளுமாக நின்று சுவரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முதலில் கல்லை நன்றாக நனைக்கிறார்கள். பிறகு மென்மையான சோப்புத் தண்ணீரால் மேலிருந்து கீழாகத் தேய்க்கிறார்கள். நுரை எழுத்துப் பள்ளங்களில் தங்கிவிடாதபடி மறுபடி தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். இளைஞர்கள் உயரமான பலகைகளை எடுத்துக்கொள்ள, முட்டி மடக்க முடியாத பெரியவர்கள் குழாயைப் பிடித்துக்கொள்கிறார்கள். பூங்காத் துறையின் ஊழியர் ஒருவர் மேற்பார்வைக்கு இருந்தார். பேச்சுச் சத்தம் அதிகமில்லை. ஒருவர் மட்டும் ஒரு பலகைக்கு வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெயரைக் கையால் கழுவினார்.

பளபளப்பாக இழைத்த அந்தக் கருங்கல் நம் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வெட்டியெடுத்துக் கப்பலேற்றியது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நம் மண்ணின் கல்லை அவர்கள் நாட்டுச் சிப்பாய்கள் தாங்களே கழுவித் துடைக்கிறார்கள். நம் நினைவகத்தின் கல்லை நாங்கள் தொட்டுத் துடைப்பதில் என்ன தடை இருக்க முடியும்?

இது நமக்குப் புதிதும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, பெயரும் பீடும் எழுதி நட்டவர்கள் அவனுடைய கூட்டாளிகளும் ஊராரும்தான். அவற்றில் பலவற்றை வேடியப்பன் என்று பெயர் சொல்லி, எண்ணெய் தடவி, இன்றைக்கும் ஊரார் கும்பிடுகிறார்கள். கல் நட்ட காலத்து வேந்தன் பெயர் மறந்துபோன இடத்திலும் கழுவுகிற கை மாறாமல் வந்திருக்கிறது.

ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் அறிவேன். பெயர் வேண்டாம், ஒரு நகரத்தில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தைக் கொடிநாளுக்கு முந்தைய தினம் சுத்தம் செய்கிறோம் என்று சிலர், கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் இரும்பு பிரஷையும் கொண்டு பளிங்குப் பலகையைத் தேய்த்துவிட்டார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். பளிங்கு சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்டால் பொங்கும், மேல்தோல் அரித்துப்போகும். பெயர்களில் பாதியை இப்போது விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். கிரானைட் அந்த அளவுக்குக் கெடாது என்றாலும், அதில் பூசிய பொன் வண்ணம் தாங்காது. ஆகவே பயிற்சி இல்லாத எவரையும், நானே ஆனாலும், சுவரைத் தொட விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். சென்னை நந்தம்பாக்கத்தில் இருப்பது போன்ற போர்க் கல்லறைகளை உலகெங்கும் பேணிவரும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம், பிரிட்டனில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தண்ணீரையும் மென்மையான தூரிகையையும் மட்டும் பயன்படுத்திக் கல்லறைக் கற்களைச் சுத்தம் செய்ய அனுமதிக்கிறது. அதேபோல ஒரு நாள் பயிற்சியும், என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு பக்க ஆணையும் எங்களுக்குப் போதும். ஆணை எழுத்தில் இருந்தால் அதன்படி நடக்கிற பழக்கம் எங்கள் எலும்பில் ஊறியது.

இனி நீங்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். பாதுகாப்பு முதலாவது. ஓய்வூதிய ஆணை எண், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, கைரேகை, நன்னடத்தைச் சான்று என்று எங்களைப் பற்றி அரசிடம் இருக்கும் பதிவுகள் வேறு எந்தக் குடிமகனைப் பற்றியும் இருக்காது. வயது இரண்டாவது. எழுபது கடந்தவர்கள்தான் வருவார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் படையில் சிப்பாய்களில் பலர் நாற்பது வயதை ஒட்டியே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வங்கிக் காவலோ ஏடிஎம் காவலோ கிடைத்தவர்கள் போக, கையும் காலும் திடமாக இருக்கும் பலர் ஊரில் இருக்கிறார்கள். தில்லியின் மே மாத வெயிலிலும் புழுதிக் காற்றிலும் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொண்டால் போதும். பனிமூட்டம் எங்களுக்குப் புதிதில்லை.

மூன்றாவது ஆட்சேபணையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். இலவசமாக ஆள் கிடைக்கிறது என்றதும், அங்கே ஒப்பந்தத்தில் பெருக்கித் துடைத்துக் கூலி வாங்குகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க யாருக்காவது தோன்றலாம். அப்படி ஒரு பணியாளரின் கூலிகூட எங்களால் போகக் கூடாது. இந்த ஏற்பாட்டின் ஆணையிலேயே அதை எழுதிவைக்க வேண்டும்; எழுத முடியாது என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம். அவர்களுடைய வேலை அவர்களுடையது. தியாக சக்கரத்துச் சுவர்களைக் குறிப்பிட்ட நாட்களில் அவர்களோடு சேர்ந்து துடைப்பது, எழுத்து மங்கிய கல், விரிசல் விட்ட இணைப்பு, பறவை எச்சம் படிந்த இடம் ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக் கொடுப்பது, வருகிற குடும்பங்களுக்குப் பெயரைக் கண்டுபிடித்துக் காட்டுவது, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அந்தந்தப் போரைப் பற்றிக் கதையளக்காமல் நடந்ததை மட்டும் சொல்வது: இவையே நாங்கள் கேட்கும் பணி. அணையா விளக்கு, மின் இணைப்புகள், வெண்கலப் பலகைகள் பக்கம் நாங்கள் போகமாட்டோம்.

இதில் மொழி ஒரு பெரிய காரணம் என்பதால் மாநிலவாரியாக முறை வைப்பது நல்லது. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் சிலர், இரண்டு வாரம் போல, மாறி மாறி வரலாம். மிசோரம் தாய்க்கு மிசோ பேசும் ஹவில்தாரும், தென்காசித் தாய்க்குத் தமிழ் பேசும் நாயக்கும் அங்கே இருந்தால் அந்த இடத்தின் முகமே வேறாக இருக்கும். எங்களுக்குள் பேச ஹிந்தி போதும். படை வீரர் தங்கும் பாரக்கில் கற்ற ஹிந்தி, இலக்கணம் பார்க்க வேண்டாம். தில்லி கன்டோன்மென்டில் தங்க ஒரு இடமும், மெஸ்ஸில் காசு கொடுத்துச் சாப்பிட அனுமதியும் தந்தால் போதுமானது. ரயில் கட்டணத்தை இயன்றவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். இயலாதவர்களுக்கு மட்டும் பயணச்சீட்டு கொடுப்பதைக் கருதிப் பார்க்கலாம். ஏனென்றால் வசதி உள்ளவன் மட்டும் தொண்டு செய்ய முடியும் என்ற நிலை வந்தால், அது ஓய்வு பெற்ற அதிகாரிகளின் மன்றமாகிவிடும். கம்மவான்பேட்டைச் சிப்பாய் அதில் இருக்கமாட்டான். வீட்டுக்கு ஒருவர் என்று தலைமுறை தலைமுறையாகப் படைக்கு அனுப்பிவரும் ஊர்க்காரன் அவன். கடற்படை, விமானப் படைக்காரர்களுக்கும், போரில் கணவரை இழந்த பெண்களுக்கும் இதில் சம இடம் வேண்டும். சுவரில் தன் கணவரின் பெயர் உள்ள ஒரு பெண், அதே போல் தேடி வரும் இன்னொரு பெண்ணிடம் பேசக்கூடியதை எந்த சுபேதாராலும் பேச முடியாது.

எங்கள் தரப்பில் நாங்கள் ஏற்க வேண்டிய கட்டுப்பாடுகளையும் நானே சொல்லிவிடுகிறேன். எந்தச் சங்கத்தின் பதாகையும் வளாகத்துக்குள் வரக் கூடாது. முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஒரே ஊரில் மூன்றாகப் பிரிந்து கிடப்பது உங்களுக்கும் தெரிந்ததே. அந்தப் பிரிவினை வாசலோடு நிற்க வேண்டும். வேலை நேரத்தில் பதக்கம் குத்திக்கொண்டு வரக் கூடாது. கட்சிக்காரர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓய்வூதியக் கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அதை அங்கே எழுப்பக் கூடாது. மீறுகிறவரின் பெயரை அன்றே நீக்கிவிடலாம்.

ஒரே ஒரு குளிர்காலத்துக்குச் சோதனையாக, நான்கைந்து மாநிலங்களோடு தொடங்கிப் பாருங்கள் என்பதே என் விண்ணப்பம். விண்ணப்பப் படிவம் அந்தந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், அந்தந்த மாநில மொழியில் கிடைக்க வேண்டும். இணையத்தில் மட்டும் வைத்தால், நான் மேலே சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அது எட்டாது. படிவத்தில் படை எண், யூனிட், பேசத் தெரிந்த மொழிகள், உடலால் இயலக்கூடிய வேலை ஆகிய நான்கை மட்டும் கேளுங்கள். மார்ச் முடிவில் வளாகத்தின் பொறுப்பு அதிகாரி, ஒப்பந்தப் பணியாளர்கள், வந்து போன குடும்பங்கள் ஆகிய மூன்று தரப்பிடமும் கருத்துக் கேட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று நீங்கள் முடிவு செய்யலாம். அக்டோபரில் தொடங்க வேண்டுமானால் ஆகஸ்ட்டுக்குள் மாவட்ட அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை போயாக வேண்டும். வேலூரில் அது வந்து சேரும் நாளில் பெயர் கொடுக்க ஆட்கள் தயாராக இருக்கிறோம்.

ஜெய் ஹிந்த்.

தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் சுபேதார், மெட்ராஸ் ரெஜிமென்ட்
வேலூர் மாவட்டம்